எங்கள் தெருவுக்கு வந்த கொயோட்டி

நரியைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றுமில்லை. காலையில் அதன் முகத்தில் விழித்தவனுக்கு அன்று நினைத்த காரியம் கைகூடும் என்பர். அதன் தலையில் அபூர்வமாக முளைக்கும் ‘நரிக்கொம்பு’ ஒன்று கையில் இருந்தால் எந்த வழக்கிலும் தோல்வியில்லை என்று நம்பியவர்களும் நம் நாட்டில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பெரும் பதவி வகித்த எமர்சன் ரெனென்ற் இச்செய்தியைச் சற்று வேடிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறார். மணிவாசகர் பொருட்டு நரிகள் பரிகளான கதையோ, பள்ளிக்கூட வாசலை மிதித்த எவரும் கேட்டறிந்தது.

இக்கதைகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு முதுமைக் காலத்தில் மகள் வீட்டுக்குக் கனடா வந்து சேர்ந்த எனக்கு, றொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், நரிக் குலத்தின் தூரத்து உறவினன் ஒருவனுடன் பழக்கம் ஏற்பட்டது. நம் நாட்டு நரியிலும் பெரிது, ஓநாயிலும் சிறிது. சாம்பலும் செம்மையும் கலந்த மயிர், நீண்ட கால்கள், தாழ்ந்து தொங்கும் தடித்த வால். இங்குள்ள கிழக்கத்திய இனத்தில் நன்கு வளர்ந்தது 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். பெயர் கொயோட்டி. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் வழங்கிய ‘கொயோட்டில்’ என்ற சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொள்ள, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். விஞ்ஞானிகள் 1823 இல் இட்ட இலத்தீன் பெயருக்குக் ‘குரைக்கும் நாய்’ என்று பொருள். இரவில் அது எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் அப்பெயரைப் பொருத்தமற்றது என்று சொல்லமாட்டார்கள். குரைப்பில் தொடங்கி, ஊளையில் ஏறி, இரண்டு விலங்குகள் பத்து விலங்குகளின் ஆரவாரம் செய்து முடிக்கும்.

ஸ்காபரோ என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன கோயில்களும், தோசைக் கடைகளும், புடைவைக் கடைகளுமே. ஆனால் அந்நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான ஓடைப்பள்ளங்கள் கிழித்துச் செல்கின்றன. ஹைலண்ட் கிறீக், றூஜ் ஆறு ஆகியவற்றின் கரைகள் மரமடர்ந்த காடுகளாகவே விடப்பட்டுள்ளன. வீட்டின் முன்புறம் பேருந்து ஓடும். பின்வேலிக்கு அப்பால் மான் மேயும். இப்பள்ளங்களே கொயோட்டிகளின் நெடுஞ்சாலைகள். அவற்றின் வழியே அவை ஒருவர் கண்ணிலும் படாமல் மாநகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்று வரக்கூடும்.

முதன்முதலில் அதனை எனக்குக் காட்டியவன் ஏழு வயதுப் பேரன். பனி பெய்து ஓய்ந்த ஒரு காலை, பின்வளவில் நின்ற விலங்கைப் பார்த்து, “ஆரோ நாயை அவிட்டு விட்டிட்டினம்” என்றேன். “அம்மப்பா, அது நாயில்லை, வாலைப் பாருங்கோ” என்றான் அவன். அது எங்களை நோக்கிய பார்வையில் பகையும் இல்லை, பணிவும் இல்லை. வாடகை ஒழுங்காகக் கட்டும் குடியிருப்பாளர் வீட்டுக்காரரைப் பார்க்கும் பார்வை என்று வேண்டுமானால் சொல்லலாம். பின்னர் அவசரமின்றி வேலியைத் தாண்டிச் சென்றது.

கடந்த மாசி மாதத்தில் அந்த வேடிக்கை முடிந்தது. எங்கள் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் சிறிய வெண்ணிற நாயை, அந்திப் பொழுதில் அவரது வளவுக்குள்ளேயே கொயோட்டி கவ்விச் சென்றது. அவர் சப்பாத்தும் அணியாமல் பனியில் ஓடி வந்து அலறிய குரலை எங்கள் வீட்டினர் யாவரும் கேட்டோம். கணவர் இறந்த பின் ஒன்பது ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தது அந்த நாய். ‘நாய்தானே’ என்று நம்மவருள் ஒருவர் வாய்தவறிச் சொன்னார். பட்டியில் பெயரிட்டு வளர்த்த மறி ஆட்டைப் பறிகொடுத்த வீட்டில் நின்று ஒருவர் அப்படிச் சொல்வாரா என்று கேட்க நினைத்தேன்; சபை கருதிப் பேசாதிருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் மகஜர் ஒன்று தயாராயிற்று. அயலில் உள்ள கொயோட்டிகள் அனைத்தையும் வேட்டைக்காரரைக் கொண்டு சுட்டோ பொறி வைத்தோ ஒழித்துவிடவேண்டும் என்று மாநகரசபையைக் கேட்கும் மகஜர். அதனைக் கொண்டு வந்தவர் தெருவின் மறுகோடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர், நம்மவரே, நல்ல மனிதர். “மாஸ்டர், நீங்கள் படிப்பிச்ச ஆள். நீங்கள் வைச்சால் மற்றவையும் வைப்பினம்” என்றார். மகளும், “அப்பா, பிள்ளை பின்வளவிலைதான் விளையாடுறவன். கையெழுத்தை வைச்சு விடுங்கோ” என்றாள். இரண்டு நாள் தவணை கேட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். ஐம்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ‘வாசித்துப் பார்த்து ஒப்பமிடு’ என்று சொல்லி வந்த வாய், தனக்கென்று வரும்போது மாற்றிச் சொல்ல இயலாதல்லவா?

மகளின் அச்சத்தை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. கலிபோர்ணியாவின் கிளென்டேல் நகரில் 1981 இல் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டு முன்றிலிலேயே கொயோட்டியால் தாக்கப்பட்டு உயிரிழந்தாள். பின்னர் அதிகாரிகள் அவ்விடத்தைச் சுற்றி அரை மைல் தொலைவுக்குள் 80 நாட்களில் 55 கொயோட்டிகளைப் பிடித்து அழித்தனர். அவ்வளவு சிறு நிலத்தில் அத்தனை விலங்குகள்! 2009 ஒக்ரோபரில், றொறன்ரோவைச் சேர்ந்த டெய்லர் மிச்சல் என்னும் 19 வயதுப் பாடகி, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிறெற்றன் மலைப்பகுதித் தேசியப் பூங்காவில் தனியே நடந்து செல்கையில் கொயோட்டிகளால் தாக்கப்பட்டு இறந்தார். வட அமெரிக்கா முழுவதிலும் இவ்விலங்கு மனிதரைக் கொன்றதாக உறுதியாகப் பதிவாகியுள்ளவை இவ்விரண்டு நிகழ்ச்சிகளே. ஆயினும் தாய்க்கு எண்ணிக்கையைக் காட்டி அச்சம் தெளிவிக்க முடியாது.

ஆகவே என் மனத்தில் எழுந்த வினா ‘கொல்லலாமா’ என்பதன்று. ‘கொன்றால் குறையுமா’ என்பதே. இவ்வினாவுக்கு வட அமெரிக்கா ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும் பொருட்செலவில் விடை தேடியிருக்கிறது.

முன்னாளில் கொயோட்டி மேற்கத்திய புல்வெளிகளுக்கும் வறண்ட நிலங்களுக்கும் உரிய விலங்கு. கிழக்கே காடுகளை ஓநாய் ஆண்டது. குடியேறிய வெள்ளையருக்கு ஓநாய் பரம வைரி. இன்று ஒன்ராறியோ எனப்படும் இம்மாகாணத்தில் ஓநாய்த் தலைக்குப் பரிசுப்பணம் கொடுக்கும் சட்டம் 1793 இலேயே பிறந்துவிட்டது; 1972 வரை அவ்வழக்கம் நீடித்தது. தென்பகுதியில் ஓநாய் அற்றுப்போயிற்று, காடுகளும் வயல்களாயின. வெறிதாய்க் கிடந்த அரியணையில் வந்து அமர்ந்தது யார்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து இங்கு வந்து சேர்ந்த கொயோட்டி. வரும் வழியில் எஞ்சியிருந்த ஓநாய்களோடும், ஓரளவு நாய்களோடும் கலந்தமையால் உடலும் பருத்தது. ஒரு பகைவனை ஒழிக்கப் புறப்பட்டவர் மற்றொருவனுக்குக் கம்பளம் விரித்த கதை இது.

ஐக்கிய அமெரிக்காவில் நடந்ததோ போர் என்றே சொல்லத்தக்கது. 1915 இலிருந்து மத்திய அரசே பணம் ஒதுக்கி வேட்டையாளரை அமர்த்தியது. 1931 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. துப்பாக்கி, பொறி, விமானத்திலிருந்து சுடுதல், எட்டிக்கொட்டையிலுள்ள நஞ்சாகிய ஸ்ரிக்னினை இறைச்சியில் வைத்தல் என ஒன்றும் விடப்படவில்லை. கழுகும் நாயும் கூட அந்நஞ்சுக்கு இரையாயின. 1972 இல் ஜனாதிபதி நிக்சன், மத்திய அரசின் நிலங்களில் இத்தகைய நஞ்சு வைத்தலைத் தடை செய்தார். அதன் பின்னரும் அரசாங்கத் திணைக்களமொன்று சில ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்று கணக்குக் காட்டி வந்துள்ளது. இதனிடையே அவ்விலங்கோ ஹவாய் தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் குடியேறி, தெற்கே பனாமா வரை நடந்து சென்றுவிட்டது.

இதன் மர்மம் யாது? கொயோட்டிகள் குடும்பமாக வாழ்வன. ஒரு நிலப்பரப்பை ஆளும் ஆணும் பெண்ணும் மட்டுமே பெரும்பாலும் குட்டியீனும். உடனிருக்கும் இளையவை அடங்கியிருந்து அக்குட்டிகளை வளர்க்க உதவும். மூத்த இணையைச் சுட்டு வீழ்த்தினால் அக்கட்டுப்பாடு குலைந்து, அடங்கியிருந்த இளம் பெண்களும் ஓராண்டு வயதிலேயே ஈனத் தொடங்குகின்றன. வாய்கள் குறைவதால் எஞ்சியவற்றுக்கு உணவு பெருகுகிறது; குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. போதாக்குறைக்கு, சொந்த நிலமின்றி அலையும் கொயோட்டிகள் எப்போதும் எல்லையில் காத்திருக்கின்றன. வீடு காலியானது அறிந்தவுடன் அவை குடிபுகுகின்றன. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொனலி, லோங்ஹேர்ஸ்ற் என்னும் ஆய்வாளர் இருவர் 1975 இல் கணிப்பொறியின் துணையால் ஒரு கணக்குப் போட்டனர். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 வீதம் கொன்று வந்தாலும், அக்கூட்டம் அற்றுப்போவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்செல்லும் என்பதே அவர்கள் கண்ட விடை. அதுவும் வெளியிலிருந்து ஒன்றும் வந்து சேராவிடின்!

ஏட்டுக் கல்வியை மட்டும் நம்பி முடிவு செய்ய எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டுக்கு ஆட்டிறைச்சி தரும் பண்ணை மாநகருக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது. கடை இறைச்சியில் திருப்தியுறாத நம்மவர் பலர் இவ்வாறு பண்ணை தேடிச் செல்வது வழக்கம். அந்தச் சனிக்கிழமை மருமகனுடன் நானும் சென்று, அப்பண்ணைக்காரரை விசாரித்தேன். அறுபது வயதைக் கடந்தவர்; தந்தை காலத்திலிருந்து செம்மறியும் வெள்ளாடும் வளர்ப்பவர்; மாரிகாலந்தோறும் கொயோட்டி வேட்டையாடுபவர். தென் ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்தில் உரிய அனுமதிப்பத்திரம் உடையவர் ஆண்டு முழுவதும் அதனைச் சுடலாம். காயமுற்ற முயலின் ஓலத்தைப் போல ஒலிக்கும் ஊதுகுழலை ஊதிவிட்டு, காற்றுக்கு எதிர்முகமாகப் பனியில் மணிக்கணக்கில் அசையாது கிடக்க வேண்டுமாம். குழலை ஊதியும் காட்டினார். என் மருமகன் இரண்டடி பின்வாங்கினார்.

“இத்தனை ஆண்டுகளாகச் சுட்டும் குறைந்ததா?” என்று கேட்டேன். குறையவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பின்னர் அவர் சொன்னதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. முன்பெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டாராம். இப்போது அப்படியில்லை. அவருடைய மேற்கு வயலில் நெடுநாளாக ஓர் இணை வாழ்கிறது. எலியும் முயலும் பிடித்துத் தின்னும். ஆட்டுக் குட்டியைத் திரும்பிப் பாராது. பிற கொயோட்டிகளையும் அண்டவிடாது. அவற்றைச் சுட்டால் அடுத்து வருவது எத்தகையதோ யார் அறிவார்? ஆகவே அவற்றை விட்டு வைத்திருக்கிறார். ஆனால் வேலி தாண்டி ஆட்டில் வாய் வைத்தது எதுவோ, அதனை மட்டும் எத்தனை இரவு காத்திருந்தேனும் சுடுவார். வேட்டையைவிடப் பட்டியிலுள்ள இரண்டு பெரிய வெண்ணிறக் காவல் நாய்களும், முரட்டுக் கழுதை ஒன்றும், மின்சாரக் கம்பி வேலியுமே தமக்குப் பெரிதும் உதவுகின்றன என்றார். கழுதைக்கு நாய்க் குலத்தின் மீது இத்தனை வெறுப்பு உண்டென்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

வன்னியில் என் தாய்மாமன் ஒருவர் பட்டி வைத்திருந்தார். நரித் தொல்லை தாளாமல் இறைச்சியில் நஞ்சு வைத்து, விடிந்து பார்த்தபோது ஊர் நாய்கள் ஐந்து கிடந்தன; நரி வழமைபோலக் குளக்கட்டில் ஊளையிட்டது. மாமன் அதன் பின் நஞ்சைத் தொடவில்லை. பனை மட்டையால் பட்டியை நெருக்கி அடைத்து, இரவில் காவற்கொட்டிலில் தாமே படுத்தார். கனடாப் பண்ணைக்காரர் பேசப் பேச, அந்தக் காவற்கொட்டில் என் கண்முன் நின்றது.

இனி, பட்டணத்து நிலைமை வேறு. இங்கே துப்பாக்கி வெடித்தல் சட்டவிரோதம். பிடித்து வேறிடத்தில் விடலாமே என்றால், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுசென்று விடக்கூடாது என்பது மாகாண விதி. தலைக்கு இத்தனை டொலர் என்று பரிசு வைப்பதையும் 1997 இல் இயற்றப்பட்ட சட்டம் தடுக்கிறது. ஆயினும் எந்நிலையிலும் கொல்லலாகாது என்போர் கட்சியிலும் நான் சேர்வதற்கில்லை. வான்கூவர் நகரின் ஸ்ரான்லி பூங்காவில் 2020 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு செப்ரெம்பர் வரையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் கடியுண்டனர். குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். மனிதர் கையிலிருந்து உணவு பெற்றுப் பழகியதே அவ்விலங்குகளின் அச்சம் நீங்கியமைக்கு முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். படம் பிடிப்பதற்காக இறைச்சித் துண்டு வீசியவர்களும் இருந்தனராம். முடிவில் அப்பூங்காவின் பதினொரு கொயோட்டிகள் கொல்லப்பட்டன. றொறன்ரோவிலேயே, லிபேட்டி கிராமம் என்னும் நெருக்கமான குடியிருப்பில் 2024 இன் இறுதியிலிருந்து வளர்ப்பு நாய்கள் பல தாக்கப்பட, 2025 இல் மாநகரசபை இரண்டு கொயோட்டிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. அச்சம் ஒழிந்த விலங்குக்கு மீண்டும் அச்சம் கற்பித்தல் அரிது. அங்கே குறிப்பிட்ட அவ்விலங்கைத் தேடிக் கொல்வது நியாயமே என்பேன். குலத்தையே கருவறுக்க முயல்வது வேறு. குற்றவாளியைத் தண்டிப்பது வேறு.

சிக்காகோ நகரில் 2000 ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரான்லி கெஹ்ற் என்னும் பேராசிரியர் நூற்றுக்கணக்கான கொயோட்டிகளின் கழுத்தில் வானொலிப் பட்டி மாட்டி ஆராய்ந்து வருகிறார். அவற்றின் எச்சங்களைச் சோதித்ததில் எலி முதலிய சிறு பிராணிகள் நூற்றுக்கு 42இலும், பழங்கள் 23இலும், மான் 22இலும், முயல் 18இலும் காணப்பட்டன. மனிதர் உணவு இரண்டு வீதமே. பூனை ஒரு வீதம். மற்றுமொரு செய்தி அங்கே வெளிவந்தது. அந்நகரத்துக் கொயோட்டிகளின் பரம்பரை அலகுகளைச் சோதித்தபோது, இணை சேர்ந்த ஒன்றுகூடத் துரோகம் செய்ததற்குச் சான்று கிடைக்கவில்லையாம். மனிதரிடத்தில் அத்தகைய சோதனை நடத்தாதிருப்பதே நன்று.

பெரும்பாலானவை எலி தின்று ஒதுங்கி வாழ்பவை என்றால், எங்கள் தெருவுக்கு வந்தது ஏன்? மாலை வேளைகளில் கைத்தடியுடன் நடந்து பார்த்தேன். மூடி கவனமாய்ப் பூட்டாத பச்சைக் கழிவுத் தொட்டிகளை றக்கூன்கள் கவிழ்த்து, மீன் தலையும் கோழி எலும்பும் பாதையில் பரப்பியிருந்தன. ஒரு வீட்டின் பின்படியில் பூனைக்கென்று வைத்த தட்டு இரவு முழுவதும் கிடந்தது. நம்மவர் வீடுகள் சிலவற்றில் விரத நாட்களில் காகத்துக்கு வைக்கும் சோறும் பருப்பும், காகம் வராமையால் புல்லின்மேல் அப்படியே கிடந்தன. காகத்தின் பெயரால் வைத்ததை யார் உண்டு சென்றனர் என்பதைப் பனியிலிருந்த காலடிகளே சொல்லின. வனவிலங்குகளுக்கு உணவிடுவதைச் சொந்த வளவிலும் 2023 ஏப்ரலிலிருந்து இம்மாநகரம் தடை செய்திருக்கிறது என்பதை அவ்வீட்டார் அறிந்திருக்கவில்லை. பிதிர்க்கடனைச் சட்டம் பேசித் தடுப்பது தர்மசங்கடமான காரியம். எனினும் காகம் உண்ணும்வரை அருகே நின்று, எஞ்சியதை எடுத்து விடும்படி இரண்டு வீடுகளில் சொன்னேன். ஒரு வீட்டில் தேநீர் கிடைத்தது. மற்றதில் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் தவணை பத்து நாளாயிற்று. மகஜரில் ‘அனைத்தையும்’ என்ற சொல்லை வெட்டி, ‘மூதாட்டியின் நாயைக் கொன்ற, மனிதரை அஞ்சாது நெருங்கும் விலங்கை இனங்கண்டு அகற்றுக’ என்று எழுதினேன். கழிவுத் தொட்டிகளுக்கு உறுதியான பூட்டு, ஓடைப்பள்ளத்தின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை, சிறு நாய்களைக் கயிறின்றி விடுவோர்க்கு அபராதம் என்பவற்றையும் சேர்த்து, அதன் கீழேதான் ஒப்பமிட்டேன். மகள் வாசித்துவிட்டு, பிள்ளை தனியே பின்வளவுக்குப் போகக்கூடாது என்ற தன் விதியையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாமே என்றாள். அவ்விதி மாநகரசபைக்கு அன்று, எனக்கே என்பது விளங்கிற்று. பேரனுக்கு, கொயோட்டியைக் கண்டால் முதுகு காட்டி ஓடாமல், நிமிர்ந்து நின்று கைகளை உயர்த்திச் சத்தமிட்டுப் பின்னோக்கி நடக்கப் பழக்கினோம். சத்தமிடும் பகுதியில் அவனுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

பொறியியலாளர் திருத்திய தாளை இரண்டு முறை படித்தார். அவருக்கு முழுத் திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆயினும் மூதாட்டி அதனையே ஏற்றுக்கொண்டு முதற் கையெழுத்து வைத்துவிட்டமையால் மறுக்கவில்லை. வாசல் வரை சென்றவரிடம் இன்னொன்றும் சொன்னேன். அவர் வீட்டு முன்றிலில் குருவிகளுக்கென்று தானியப் பெட்டிகள் நான்கு தொங்குகின்றன. கீழே சிந்தும் தானியத்துக்கு எலி வருகிறது. எலிக்குக் கொயோட்டி வருகிறது. கடந்த வாரம் காலடிகளை நானே பார்த்தேன் என்றேன்.

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்து நின்றார். “அப்ப மாஸ்டர், குருவிக்கும் சாப்பாடு இல்லையோ?” என்றார். குருவிக்குக் கொடுக்கலாம், நிலத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்றேன். இப்போது இரண்டு பெட்டிகள் தொங்குகின்றன. மாலையில் அவர் தும்புத்தடியுடன் முன்றிலில் நிற்பதை எங்கள் யன்னலிலிருந்து பார்க்கலாம்.